கிராமத்துக் கலைக்குழு மூன்று பேரின் சுமையாகாமல் இருக்க

கேள்வி இதுதான்: சின்னக் கிராமம் ஒன்றில், யாருக்கும் சம்பளம் இல்லாத ஒரு கலைக்குழு சில ஆண்டுகளாக நடக்கிறது. நாடகம், பாட்டு, அவ்வப்போது ஓவியக் கண்காட்சி. பெயர்ப்பட்டியலில் முப்பது பேர். ஓடியாடி வேலை செய்வது மூன்று பேர். அந்த மூவரில் ஒருவர் இன்னும் சில வாரங்களில் ஊரைவிட்டுப் போகிறார். புதிய ஆட்களை எப்படிச் சேர்ப்பது, பணத்துக்கு என்ன செய்வது, குழுவை எப்படி நிலைக்கவைப்பது?

ஆள் சேர்ப்பதைச் சற்றுத் தள்ளி வையுங்கள். முப்பது பேர் பெயர் கொடுத்திருக்கும் ஊரில் ஆள் பஞ்சம் இல்லை. ஒருவர் எடுத்துக்கொண்டு போய் முடித்துக் கொடுக்கும் அளவுக்கு வேலைகள் பிரிக்கப்படவில்லை, அவ்வளவுதான். இன்னும் பத்துப் பேரைச் சேர்த்தாலும் நாற்பது பேரில் அதே மூன்று பேர்தான் ஓடிக்கொண்டிருப்பார்கள்.

கூட்டத்தில் எல்லோரையும் பார்த்து "யாராவது கொஞ்சம் உதவுங்கள்" என்று கேட்கிறோம். எதற்கு, எத்தனை மணி நேரம், எப்போது முடியும் என்று கேட்பவருக்கும் தெரியாது, கேட்கப்படுபவருக்கும் தெரியாது. வயலையும் மாட்டையும் பிள்ளைகளையும் பார்க்க வேண்டியவர் அதற்குக் கை தூக்க மாட்டார். தூக்கினால் எங்கே போய் முடியுமோ என்ற பயம் நியாயமானது. அவரிடமே நேரில் போய், "நிகழ்ச்சி அன்று மாலை ஐந்து முதல் ஏழு வரை நாற்காலி போட இரண்டு பேர் வேண்டும், நீங்களும் உங்கள் தம்பியும் வர முடியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் வருவார். ஒரு தொடக்கம், ஒரு முடிவு, சந்தேகம் வந்தால் கேட்க ஓர் ஆள், இந்த மூன்றும் இருந்தால்தான் ஒரு வேலையை இன்னொருவர் கையில் கொடுக்க முடியும். வாட்ஸ்அப் குழுவில் போடும் பொது அழைப்பு தகவல் சொல்ல உதவும். ஆளை வரவழைப்பதற்கு நேரில் கேட்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

ஆகவே அந்த மூவரும் ஒரு மாலை உட்கார்ந்து, தாங்கள் செய்வதையெல்லாம் ஒன்றுவிடாமல் எழுத வேண்டும். ஒத்திகை இடத்தின் சாவியை வாங்கித் திருப்பிக் கொடுப்பது, கடைசிப் பேருந்து போனபின் யார் யாரை எந்த வண்டியில் வீடு சேர்ப்பது, மைக் செட் பேசி முடிப்பது, அனுமதிக் கடிதம் எழுதுவது, உடைகளைத் துவைத்து வைப்பது, வராதவருக்குப் போன் செய்து என்ன ஏது என்று விசாரிப்பது. இப்படி எழுதினால் முதல் மாலையிலேயே ஐம்பதைத் தாண்டினாலும் ஆச்சரியமில்லை. இதில் பாதிக்கு மேடைத் திறமையே வேண்டாம். நடிக்கக் கூச்சப்பட்டு ஒதுங்கி நிற்கிறவர்களுக்குத் தர இத்தனை வேலை இருக்கிறது என்பது அப்போதுதான் உங்கள் கண்ணுக்கே தெரியும்.

ஊரைவிட்டுப் போகிறவர் விஷயம் அவசரம். அவர் கையில் இருப்பதைத் தொலைபேசி எண்களாக ஒரு தாளில் எழுதி வாங்கினால் போதாது. கிராமத்தில் காரியம் நடப்பது ஆளுக்கு ஆள் உள்ள பழக்கத்தில். ஜெனரேட்டர் தருகிறவர் தருவது அவருக்காக. அரங்கத்தை முன்பணம் இல்லாமல் திறந்துவிடுகிறவரும் அவருக்காகத்தான் திறந்துவிடுகிறார். அவர் கிளம்புவதற்கு முன் இரண்டு பேர் அவரோடு அந்த வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் ஒருமுறை போய்வர வேண்டும். "இனி இவர்கள்தான் வருவார்கள்" என்று அவர் வாயால் சொல்லவைப்பதுதான் உண்மையான ஒப்படைப்பு. அதோடு வங்கிக் கையொப்பம், மின்னஞ்சல் கடவுச்சொல், பழைய புகைப்படங்கள், யார் வீட்டுப் பரணில் எந்த உடை இருக்கிறது என்ற விவரம் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளுங்கள். ஒருவருக்கு மட்டுமே தெரிந்த விஷயம் குழுவில் எதுவும் இருக்கக் கூடாது. ஒவ்வொரு பொறுப்புக்கும் இரண்டு பேர் என்று வைத்தால், ஒருவர் வீட்டில் நோய் வந்தாலும் அறுவடை வந்தாலும் வேலை நிற்காது.

பொறுப்புக்குக் காலவரம்பும் வையுங்கள். ஓர் ஆண்டு, அல்லது ஒரு நாடகம் முடியும் வரை. முடிந்ததும் எல்லோர் முன்னாலும் நன்றி சொல்லி விடுவித்துவிட வேண்டும். தொடர விரும்பினால் அவரே சொல்லட்டும். நகரத்தில் ஒரு குழுவிலிருந்து விலகினவரை மறுபடி பார்க்காமலே இருந்துவிடலாம். கிராமத்தில் அவரை மறுநாள் காலையிலேயே பேருந்து நிறுத்தத்தில் பார்ப்போம். மனக்கசப்போடு போனால் அவரோடு அவர் வீடும், சில சமயம் அவர் தெருவும் விலகிவிடும். கௌரவமாக இறங்க வழி இருந்தால், இரண்டு ஆண்டு கழித்து அவரே திரும்ப வருவார்.

இத்தாலியின் டஸ்கனிப் பகுதியில் மோன்டிக்கியெல்லோ என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. 1967 முதல் அந்த ஊர் மக்கள் ஒவ்வொரு கோடையிலும் தங்கள் ஊர்ச் சதுக்கத்தில் தாங்களே உருவாக்கிய நாடகத்தை நடத்துகிறார்கள். வேலை குளிர்காலத்தில் தொடங்குகிறது. ஊர்க்கூட்டங்களில் இந்த ஆண்டு எதைப் பற்றிப் பேசுவது என்று விவாதிக்கிறார்கள். நிலம் கைமாறுவது, இளைஞர்கள் வெளியேறுவது, ஊர் சுருங்குவது எல்லாம் அங்கே பேச்சாகிப் பிறகு நாடகமாகின்றன. இதில் நான் மிகவும் மதிப்பது ஆண்டு முழுவதும் வேலை பரவியிருக்கும் விதத்தை. மேடை ஏறாதவரும் குளிர்காலக் கூட்டத்தில் பேசியிருப்பார். நாடகத்தில் தன் வாக்கியம் ஒன்று வருவதைக் கேட்க வந்து உட்கார்வார். ஆண்டுக்கு நான்கு நிகழ்ச்சி நடத்திக் களைத்துப்போகும் குழுக்கள் இந்த ஊரைக் கவனிக்கலாம். வருடத்துக்கு ஒன்று, ஆனால் ஊரே அதில் இருக்கிறது.

காலத்தைப் பற்றி இன்னொன்று. ஒத்திகை அட்டவணையைக் கலைஞர்களின் வசதிக்குப் போடாமல் ஊரின் வேலைக்காலத்துக்குப் போடுங்கள். விதைப்பு, அறுவடை, தேர்வு, இவை மூன்றும் வரும் வாரங்களில் ஒத்திகை வைத்தால் வராதவர்மீது கோபம்தான் மிஞ்சும். ஒரு காட்சிக்கு யார் தேவையோ அவர்களை மட்டும் கூப்பிடுங்கள். முக்கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டு வீடு திரும்பினவரை அடுத்த முறை வீட்டார் அனுப்ப மாட்டார்கள். சொன்ன நேரத்தில் தொடங்கி, சொன்ன நேரத்தில் முடியுங்கள்.

யார் உள்ளே, யார் வெளியே என்ற கேள்விக்கு வருவோம். எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமானது இது. ஜெர்மனியில் ஓபராம்மர்காவ் என்ற ஊர் 1633ல் கொள்ளைநோய்க் காலத்தில் எடுத்த சபதத்தின்படி, 1634 முதல் இயேசுவின் பாடுகளை நாடகமாக நடத்திவருகிறது. இப்போது பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. 2020ல் நடக்க வேண்டியது பெருந்தொற்றால் 2022க்குத் தள்ளிப்போனது. ஊரின் மக்கள்தொகை சுமார் ஐயாயிரம். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 2,000 பேர் ஏதோ ஒரு வகையில் பங்கேற்கிறார்கள். அங்கே பிறந்தவர்கள், அல்லது 20 ஆண்டு வசித்தவர்கள் மட்டும் நடிக்கலாம் என்பது விதி. அந்த ஊரிலும் மணமான பெண்களும் 35 வயது கடந்த பெண்களும் மேடை ஏற 1990 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நீதிமன்றம் தலையிட்டபின்தான் அது மாறியது. அங்கே விதி வெளிப்படையாக இருந்ததால் வழக்குப் போட முடிந்தது. நம் குழுக்களில் விதி எங்கும் எழுதப்பட்டிருக்காது. ஒத்திகை இரவு ஒன்பதுக்கு என்றால் கைக்குழந்தை உள்ள பெண்கள் வெளியே. இடம் மாடியில் என்றால் முழங்கால் வலியுள்ளவர்கள் வெளியே. சில குடும்பங்கள் காலெடுத்து வைக்கத் தயங்கும் கட்டடத்தில் என்றால் அந்தக் குடும்பங்கள் வெளியே. "எல்லோரும் வரலாம்" என்று அறிவித்துவிட்டு, யாருமே தடுக்காமல் பாதி ஊரை இப்படி வெளியே நிறுத்திவிடுகிறோம். முப்பது பேர் பட்டியலை எடுத்து, எந்தத் தெருவிலிருந்து ஒருவர்கூட இல்லை என்று பாருங்கள். அந்தத் தெருவில் ஒத்திகை ஒன்றை நடத்துங்கள். அழைப்பிதழ் கொடுப்பதைவிட அது அதிகம் செய்யும்.

பாத்திரங்கள் எட்டு என்று அச்சிட்ட பிரதியை எடுத்துக்கொண்டு எட்டு நடிகர்களைத் தேடுவது கிராமத்துக் குழுவுக்குப் பொருந்தாத முறை. வந்தவர்களுக்கு ஏற்ப எழுதுங்கள். இங்கிலாந்தின் டார்செட் பகுதிக்குக் குடிபெயர்ந்த நாடகாசிரியர் ஆன் ஜெல்லிகோ 1978ல் லைம் ரீஜிஸ் என்ற கடலோரச் சிற்றூரில் ஒரு நாடகத்தை உருவாக்கினார். அதுவும் அதன்பின் மற்ற ஊர்களில் செய்தவையும் நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்க்காரர்கள் நடித்தவை. எழுத்து, இயக்கம், வடிவமைப்புக்கு மட்டும் தொழில்முறைக் கலைஞர்கள் சிலர். கதை அந்தந்த ஊரின் வரலாற்றிலிருந்து எடுக்கப்பட்டது. ஒரு வரி பேசுபவர், கூட்டத்தில் கூடை சுமந்து நடப்பவர், வாசலில் சீட்டு கிழிப்பவர், எல்லோருக்கும் நாடகத்தில் இடம் இருந்தது. அப்படிப்பட்ட அமைப்பில் நான்கு பேர் கடைசி நேரத்தில் வராவிட்டாலும் நாடகம் விழாது. எட்டுப் பேர் நாடகத்தில் ஒருவர் வராவிட்டாலே விழுந்துவிடும். முக்கியப் பாத்திரங்களுக்கு மாற்றாள் ஒருவரைத் தொடக்கத்திலேயே பழக்கிவையுங்கள். அவருக்கு ஒரு காட்சியிலாவது சொந்தமாக வேலை இருக்கட்டும், சும்மா காத்திருக்கச் சொல்லாதீர்கள்.

ஊர்க்கதையை எடுப்பதில் கவனம் தேவை. பெயரை மாற்றினாலும் யார் என்று முதல் வரியிலேயே எல்லோருக்கும் தெரிந்துவிடும். கடன், ஓடிப்போன பெண், நிலத்தகராறு என்று வரும்போது, சம்பந்தப்பட்ட குடும்பத்திடம் பிரதியைப் படித்துக் காட்டாமல் ஒத்திகையே தொடங்காதீர்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஊரே சேர்ந்து பட்ட துயரத்தைப் பேசலாம். மோன்டிக்கியெல்லோ மக்கள் 1969ல், போர்க்காலத்தில் 1944 ஏப்ரல் 6 அன்று தங்கள் ஊரில் நடந்ததை மேடையேற்றினார்கள். அதை நேரில் பார்த்தவர்கள் அப்போதும் ஊரில் வாழ்ந்துகொண்டிருந்தார்கள்.

ஒத்திகையை மூடிய கதவுக்குள் நடத்துவதும் திறந்து வைப்பதும் உங்கள் முடிவு. நான் திறந்து வையுங்கள் என்பேன். கென்யாவில் லிமுரு அருகே கமிரீத்து என்ற ஊரில் 1977ல் விவசாயிகளும் தோட்டத் தொழிலாளர்களும் சேர்ந்து திறந்தவெளி அரங்கத்தைத் தாங்களே கட்டினார்கள். எழுத்தாளர் ங்கூகி வா தியோங்கோ அங்கே கிக்கூயு மொழியில் நாடகம் எழுதுவதில் சேர்ந்துகொண்டார். ஒத்திகை எல்லோர் கண்ணெதிரே நடந்தது. வேடிக்கை பார்க்க வந்த முதியவர்கள் "எங்கள் காலத்தில் இப்படிப் பேச மாட்டார்கள்" என்று திருத்த, வசனமும் பாட்டும் மாறிக்கொண்டே போயின. அரங்கேறுவதற்குள் நாடகம் ஊருடையதாகிவிட்டது. சில வாரங்களில் அரசு அதைத் தடைசெய்தது, அந்த ஆண்டின் கடைசி நாளில் ங்கூகியைக் கைதுசெய்தது, 1982ல் அரங்கத்தையே இடித்துத் தள்ளியது. அதிகாரத்தைத் தொடும் விஷயத்தை எடுக்கும் குழு அதன் விலையைப் பங்கேற்கும் ஒவ்வொருவருக்கும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மேடையில் நிற்பவர் துணிச்சல்காரராக இருக்கலாம். பின்னால் பாடும் பெண்ணின் வீட்டு நிலைமை வேறாக இருக்கும்.

வெளியூர்க் கலைஞர்களைக் கூப்பிடலாமா என்று பலர் கேட்பார்கள். கூப்பிடுங்கள், ஆனால் அவர் போனபின் என்ன மிஞ்சும் என்பதை ஒப்பந்தத்திலேயே பேசுங்கள். ஒளியமைப்பாளர் வந்தால் அவர் அருகில் இரண்டு உள்ளூர் இளைஞர்கள் முழு நேரமும் நிற்க வேண்டும். அடுத்த ஆண்டு அவர்கள் செய்வார்கள். ஜப்பானில் நீகாட்டா மாநிலத்தின் எச்சிகோ-சுமாரி மலைப்பகுதியில் 2000ல் தொடங்கிய கலைவிழா இன்னொரு பாடம் சொல்கிறது. இளைஞர்கள் போய்விட்ட, முதியவர்கள் மட்டும் மிஞ்சிய ஊர்கள் அவை. தொடக்கத்தில் நவீனக் கலை நமக்கெதற்கு என்று உள்ளூரில் நிறைய எதிர்ப்பு. நகரத்திலிருந்து வந்த இளம் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய்ப் பேசினார்கள், வயல் வேலையில் கைகொடுத்தார்கள், பனியை அள்ளினார்கள். பிறகுதான் கதவுகள் திறந்தன. வெளியிலிருந்து வருகிறவர் முதலில் ஊர் வேலையில் சேர்ந்தால், அவர் கொண்டுவரும் கலைக்கும் இடம் கிடைக்கும்.

கர்நாடகத்தின் ஹெக்கோடு கிராமத்து நீநாசம் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1949ல் உள்ளூர்க்காரர்களின் அமெச்சூர் நாடகக் குழுவாகத் தொடங்கியது. நாடகப் பயிற்சி நிலையம் வந்தது 1980ல். ஊர் ஊராகச் செல்லும் நாடகக் குழு 1985ல். அதை நிறுவியவர்களில் ஒருவரான கே. வி. சுப்பண்ணாவுக்கு மகசேசே விருது கிடைத்தது 1991ல். அதாவது முப்பது ஆண்டு ஊர்க்குழுவாக வாழ்ந்தபின் பள்ளி. மூன்றாவது ஆண்டிலேயே "நாம் ஏன் இன்னும் வளரவில்லை" என்று கவலைப்படுகிறவர்களுக்கு இதைச் சொல்வேன்.

வளர்ச்சிக்கும் ஓர் எல்லை வேண்டும். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் பண்ணை ஒன்றில் இயங்கும் பிரெட் அண்ட் பப்பெட் தியேட்டர், காகிதக்கூழில் செய்த ராட்சதப் பொம்மைகளுக்குப் பெயர் போனது. பீட்டர் ஷூமன் 1963ல் நியூயார்க்கில் தொடங்கிய குழு. ஒரு பெரிய பொம்மையைத் தூக்க நான்கைந்து பேர் வேண்டும், பயிற்சி அதிகம் தேவையில்லை, செலவும் குறைவு. தன்னார்வலர்களுக்கு இதைவிட நல்ல வடிவம் அரிது. அவர்களின் கோடைத் திருவிழாவுக்குப் பல்லாயிரக்கணக்கானோர் வரத் தொடங்கினார்கள். 1998ல் கூட்டத்தினர் தங்கும் இடத்தில் நடந்த சண்டையில் ஒருவர் இறந்துபோனார். அதோடு அந்தத் திருவிழாவை நிறுத்திவிட்டுச் சின்ன நிகழ்ச்சிகளுக்குத் திரும்பினார்கள். எத்தனை பேரைப் பாதுகாப்பாக வரவேற்று, பாதுகாப்பாக வீட்டுக்கு அனுப்ப முடியும் என்பதே உங்கள் நிகழ்ச்சியின் அளவு.

பாதுகாப்பு என்றதும் குழந்தைகள். ஒத்திகையில் பிள்ளைகள் இருந்தால் எப்போதும் குறைந்தது இரண்டு பெரியவர்கள். தனியாக ஒருவரோடு ஒரு பிள்ளை இருக்கவே கூடாது. யார் வந்து அழைத்துப் போவார்கள் என்பது எழுத்தில் இருக்கட்டும். பெற்றோரைக் கேட்காமல் படத்தை எங்கும் போடக் கூடாது. மின் இணைப்பை அதற்குத் தெரிந்தவர் மட்டும் தொடட்டும். ஊரில் எல்லோரும் தெரிந்தவர்கள்தானே என்று இவற்றில் ஒன்றைக்கூட விட்டுவிடாதீர்கள்.

பணம். சிறு குழுக்கள் பணம் இல்லாமல் உடைவதைவிட, இருக்கும் கொஞ்சப் பணத்தின் கணக்குத் தெரியாமல்தான் அதிகம் உடைகின்றன. நிகழ்ச்சி முடிந்த வாரத்திலேயே வரவு செலவை ஒரே தாளில் எழுதி ஒத்திகை இடத்துச் சுவரில் ஒட்டுங்கள். வங்கிக் கணக்குக்கு இரண்டு பேர் கையொப்பம், ஒரே வீட்டைச் சேர்ந்தவர்களாக இல்லாமல். யாரும் தம் கைக்காசைப் போட்டுவிட்டு மௌனமாக இருக்கக் கூடாது. பெருந்தன்மையாகத் தொடங்கும் அது, நான்காம் ஆண்டில் "இத்தனை செலவு செய்தேன்" என்ற பேச்சாகும். பெட்ரோல் காசு உட்பட எல்லாம் கணக்கில் வரட்டும். வேண்டாம் என்பவர் வாங்கி நன்கொடையாகத் திருப்பித் தரட்டும். பொருளாகவும் உழைப்பாகவும் வருவதையும் அதே தாளில் எழுதுங்கள். மேடைப் பலகை தந்தவர் தன் பெயரைச் சுவரில் பார்ப்பது அவருக்கு உரிய மரியாதை.

நிதி உதவிக்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் அந்தப் பணம் இல்லாவிட்டாலும் நடக்கக்கூடிய ஒன்று உங்களிடம் முதலில் இருக்க வேண்டும். நிதி தருகிறவரின் கருப்பொருளுக்கு ஏற்ப ஆண்டுதோறும் திட்டத்தை மாற்றிக்கொண்டிருந்தால், என்ன செய்ய இந்தக் குழு தொடங்கியது என்பதே உறுப்பினர்களுக்கு மறந்துவிடும். சங்கமாகப் பதிவு செய்வதும் அப்படித்தான். வங்கிக் கணக்குக்கோ நிதிக்கோ தேவை வரும்போது செய்தால் போதும். பொருள்களைச் சொந்தமாக வாங்குவதற்கு முன் எங்கே வைப்போம் என்று யோசியுங்கள். ஒலிபெருக்கி வாங்கி மழையில் பாழாவதைவிட இரவல் மேல்.

பிறர் எழுதிய நாடகத்தையோ பாட்டையோ எடுத்தால் அனுமதி கேளுங்கள். படைப்பாளிகளின் உரிமை பற்றிய பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கைப்படி ஆசிரியர் இறந்து குறைந்தது 50 ஆண்டு பதிப்புரிமை உண்டு. இந்தியாவில் 60, ஐரோப்பிய ஒன்றியத்தில் 70. மூலம் பழையது என்றாலும் மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை இருக்கும், இதைப் பலர் கவனிப்பதில்லை.

கடைசியாக, பட்டியல் போட்டு, நேரில் கேட்டு, எல்லாம் செய்தும் சில வேலைகளுக்கு ஆள் கிடைக்காமல் போகலாம். அப்போது அந்த வேலையை மிஞ்சியிருக்கும் இரண்டு பேர் எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த நிகழ்ச்சியை அந்த ஆண்டு விட்டுவிடுங்கள். கண்காட்சிக்கு ஆள் இல்லை, ஆகவே இந்த ஆண்டு கண்காட்சி இல்லை என்று வெளிப்படையாக அறிவியுங்கள். அது வேண்டும் என்று உண்மையிலேயே நினைக்கிறவர் யாராவது "ஏன் இல்லை?" என்று கேட்டுக்கொண்டு வருவார். அவரை உட்காரவைத்து, கண்காட்சிக்கான வேலைப் பட்டியலைக் கையில் கொடுத்து, இதில் எது உங்களால் முடியும் என்று கேளுங்கள்.